உப்புக்காற்றில் பம்பரின் குரோம் எப்படி நிலைக்கும்?

மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரியகல்லாற்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: தந்தையார் 1960களில் வாங்கிய மொரிஸ் மைனர் 1000 காரை அவர் திருத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார். முன்பம்பர், பின்பம்பர் இரண்டையும் கொழும்புக்கு அனுப்பிக் குரோம் அடித்து எடுத்தார். கண்ணாடிபோல வந்த பம்பர்களில் ஒரு மாரி கழிவதற்குள் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. முன்பம்பரின் ஒரு முனையில் பூச்சு தோலாகவே உரிந்து வருகிறது. மறுபடி அடிப்பதானால் எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குரோம் கேட்க வேண்டும், எந்தக் கடையில் கொடுக்கலாம் என்பது அவருடைய கேள்வி. கேள்வி கடையைப் பற்றியும் குரோமின் தடிப்பைப் பற்றியும் எழுதப்பட்டிருந்தாலும், அவர் அறிய விரும்புவது முதல் முறை ஏன் தவறியது, இரண்டாம் முறை கொடுக்கும் பணம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் அவருடைய ஊரில் பத்து ஆண்டாவது நின்றுபிடிக்க என்ன செய்ய வேண்டும் என்பதே என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கொழும்பில் ஒரு முலாம் பட்டறையில் ஒன்பது ஆண்டுகளும், பின்னர் வளைகுடா நாடொன்றில் குளியலறைக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் நிக்கல், குரோம் தொட்டிகளுக்குப் பொறுப்பாக ஏழு ஆண்டுகளும் வேலை செய்தவன். ஊர் திரும்பிய பிறகு கல்லடியில் பழைய கார்களின் உலோக வேலைகளை மட்டும் செய்கிறேன்; முலாமிடும் தொட்டி என்னிடம் இல்லை, ஆகவே இந்தப் பதிலால் எனக்கு எந்த வியாபாரமும் வரப்போவதில்லை. உங்கள் பம்பரை நான் பார்க்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முலாம் எப்படி வேலை செய்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம். உங்கள் பம்பருக்கு நேர்ந்தது என்ன என்பதை நீங்கள் எழுதிய இரண்டு அடையாளங்களிலிருந்து ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

குரோம் அடித்த பம்பர் என்று நாம் சொல்வதில் குரோமியம் மிகச் சிறிய பங்கு. அலங்கார வேலையில் அதன் தடிப்பு வழக்கமாக ஒரு மைக்ரோனில் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரைதான். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால் இது எவ்வளவு மெல்லியது என்பது புரியும். குரோமியம் நீலம் கலந்த வெண்ணிறத்தைக் கொடுக்கிறது, கீறலைத் தாங்குகிறது, மங்காமல் இருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகளும் துளைகளும் உள்ள படலம். மழைநீரும் உப்பும் அதற்குள் புகுந்துவிடும். அலங்காரக் குரோமைத் தடிப்பாக்கினால் வெடிப்பு பெரிதாகி நிறமும் மங்கும். ஆகவே கடைக்காரரிடம் கூடுதலான குரோம் கேட்பது பயன் தராது. கூரைக்குப் போடும் நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டில் நாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. குரோமும் நிக்கலும் அப்படிக் கரைந்து காப்பவை அல்ல. அவை சுவராக நின்று காப்பவை. சுவரில் ஒரு ஓட்டை விழுந்தால் அந்த இடத்து இரும்பு, பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாக அரிக்கப்படும், ஏனென்றால் சுற்றியுள்ள பெரிய நிக்கல் பரப்பு முழுவதும் கதோட்டாகவும் (கரையாத முனை) அந்தச் சிறு புள்ளி மட்டும் அனோட்டாகவும் (கரையும் முனை) மாறிவிடுகின்றன. உங்கள் பம்பரில் விழுந்த ஊசிமுனைப் புள்ளிகள் இதனால் வந்தவை என்று பெரும்பாலும் நம்புகிறேன்.

அந்தச் சுவர் நிக்கல். வெளியே, கடும் சூழலில் ஓடும் வாகன உறுப்புகளுக்குச் சர்வதேச நியமங்கள் உருக்கின் மீது இரட்டை நிக்கலாக 30 முதல் 40 மைக்ரோன் வரை கேட்கின்றன; வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக் கால் போன்ற பொருட்களுக்கு 10 மைக்ரோன் அளவே போதும். இரட்டை நிக்கல் என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் நீடித்துழைப்பின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. முதலில் கந்தகம் கலவாத, அரைப்பளபளப்பான நிக்கலை மொத்தத் தடிப்பில் ஐந்தில் மூன்று பங்கு அளவுக்கு ஏற்றுகிறார்கள். அதன்மேல் கந்தகம் உள்ள சேர்மானங்களால் மினுங்கும் நிக்கலை ஏற்றுகிறார்கள். இந்த இரண்டில் கந்தகம் உள்ள மேற்படை மின்வேதியியலில் எளிதில் கரையக்கூடியது. ஆகவே குரோமின் துளை வழியே உப்புநீர் இறங்கும்போது அரிப்பு மேற்படைக்குள் பக்கவாட்டில் பரவுகிறது, கீழ்ப்படையைத் துளைத்து உருக்கை அடைவதற்கு நீண்ட காலம் பிடிக்கிறது. ஒற்றைப் பளபள நிக்கலில் அந்தத் தடை இல்லை. துளை நேராக இரும்புக்கு இறங்கிவிடும். நிக்கல்தான் காப்பு என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்த காலத்தில் நிக்கல் ஆயுதத் தேவைக்கு ஒதுக்கப்பட்டு அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளுக்குக் கிடைக்காமல் போயிற்று. அக்காலத்தில் நிக்கலைக் குறைத்துக் குரோம் அடித்து வந்த கார்களின் பளபளப்பு மிக விரைவில் கறள் பிடித்ததற்காகவே பழைய கார்ப் பிரியர்களிடையே இன்றும் நினைவில் இருக்கிறது.

புள்ளி ஒரு நோய், உரிதல் வேறொரு நோய். கால் மைக்ரோன் குரோம் மட்டும் கழன்றால் அது தோலாக வராது. பொடிச் செதிலாக உதிரும். நகத்தால் பிடித்து உரிக்கக்கூடிய தோல் வருகிறது என்றால் நிக்கல் கழன்று வருகிறது என்று பொருள். உரிந்த இடத்தின் அடியில் என்ன நிறம் தெரிகிறது என்று பாருங்கள். சற்று மஞ்சள் சாயலான வெள்ளை மினுக்கம் தெரிந்தால் அது இன்னொரு நிக்கல் படை; பழைய நிக்கலை முழுவதும் கழற்றாமல் அதன்மேலேயே புது நிக்கல் ஏற்றியிருக்கலாம், அல்லது வேலை நடுவே மின்சாரம் நின்று மறுபடி தொடங்கியிருக்கலாம். நிக்கல் காற்றில் பட்ட சில நிமிடங்களிலேயே மெல்லிய ஒக்சைட்டுப் படலம் போர்த்துக்கொள்ளும். அதை உரிய அமிலத்தில் உயிர்ப்பிக்காமல் அடுத்த நிக்கலை ஏற்றினால் ஒட்டாது. செப்பு நிறம் தெரிந்தால் செப்புக்கும் நிக்கலுக்கும் இடையே கழுவுதல் தவறியிருக்கிறது. சுத்தமான சாம்பல்நிற உருக்கு தெரிந்தால் எண்ணெய்ப்பசை போகாமல் தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். கறள் தெரிந்தால் பின்பக்கத்திலிருந்தோ ஆணித்துளையிலிருந்தோ ஊர்ந்து வந்த கறள் பூச்சைக் கிளப்பியிருக்கிறது.

ஒரு முனை மட்டும் உரிகிறது என்பது எனக்கு இன்னொரு சந்தேகத்தையும் தருகிறது. மொரிஸ் மைனர் காரின் அகலம் ஏறத்தாழ 155 சென்ரிமீற்றர். பம்பரும் கிட்டத்தட்ட அந்த நீளம். மோட்டார் சைக்கிள் உறுப்புகளுக்கும் தளபாடங்களுக்கும் அமைத்த தொட்டி பல இடங்களில் அதைவிடக் குட்டையாக இருக்கும். அப்படிப்பட்ட பட்டறைகளில் பம்பரின் ஒரு பாதியை முக்கி ஏற்றிவிட்டு, திருப்பி மறுபாதியை முக்குவார்கள். இரண்டும் மேற்படியும் இடத்திலும், முதலில் முக்கி எடுத்த பாதியிலும் நான் மேலே சொன்ன ஒட்டாமை எளிதில் வரும். நான் இளைஞனாக இருந்தபோது என் கையாலேயே ஒரு வொக்ஸ்வாகன் பீட்டிலின் பம்பரை இப்படிச் செய்திருக்கிறேன். பட்டறையில் அவசரம், உரிமையாளர் வெளியே காத்திருந்தார். ஆறு மாதத்தில் அவர் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, நடுவில் கோடு போட்டதுபோலப் பூச்சு பிளந்திருந்தது. அந்தப் பம்பர் அவருடைய அண்ணன் விட்டுச்சென்ற காருடையது என்று அன்றுதான் சொன்னார். அதன் பிறகு குட்டைத் தொட்டியில் நீளப் பம்பரை இறக்க நான் உடன்பட்டதில்லை.

ஆகவே கடையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது தொட்டியின் நீளம். இரண்டாவது, தொட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மின்திருத்தியின் வலு. நிக்கல் தொட்டியில் 10 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் 4 அம்பியர் அளவில் மின்சாரம் விட்டால், ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 0.8 மைக்ரோன் நிக்கல் ஏறும். அதன்படி 40 மைக்ரோன் ஏற 50 நிமிடம் வேண்டும். 150 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பம்பருக்கு இரு பக்கமும் சேர்த்து 45 சதுரங்கள் வருகின்றன, அதற்கு 180 அம்பியர் தேவை. 100 அம்பியர் மட்டும் கொடுக்கக்கூடிய மின்திருத்தியை வைத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் பம்பர் ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களுக்குக் கொடுக்கப்போவது 7 மைக்ரோனுக்கும் குறைவு. கண்ணால் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. 7 மைக்ரோனும் 40 மைக்ரோனும் வாங்கும் நாளில் ஒரே மாதிரித்தான் மின்னும். ஒரு வாடைக்காற்றுக் காலம் கழிந்த பிறகுதான் பிரிந்து தெரியும்.

முலாமைவிடக் கூடுதலான உழைப்பு முலாமுக்கு முந்திய வேலையில் இருக்கிறது. கூலியில் பெரும்பங்கு அதற்கே போக வேண்டும், போகாவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது. பழைய குரோமையும் நிக்கலையும் இரசாயன முறையில் முழுவதும் கழற்றி வெற்று உருக்கைக் காண வேண்டும். அரைத்துக் கழற்றினால் பள்ளங்களுக்குள் பழைய நிக்கல் மிஞ்சும். கழற்றிய பிறகே கறள் தின்ற குழிகள் வெளியே தெரியும். இந்த நிலையில் பம்பரை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். நெளிவுகளை டிங்கர் வேலையால் எடுப்பதும், குழிகளை வெல்டிங்கால் நிரப்பி அராவுவதும் இப்போதுதான் நடக்க வேண்டும். காரின் உடலுக்குப் பூசும் பட்டி இங்கே உதவாது, ஏனென்றால் அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே அதன்மேல் உலோகம் ஏறாது. வெல்டிங்கில் ஊசித்துளை விடாமல் பார்க்க வேண்டும். அந்தத் துளைக்குள் தங்கிய அமிலம் முலாம் முடிந்து வாரங்கள் கழித்துக் கசிந்து கொப்பளமாகக் கிளம்பும். பின்னர் 80ஆம் இலக்க எமரியில் தொடங்கி 120, 180, 240, 320, 400 என்று ஒவ்வொரு படியாக, முந்திய படியின் கீறல் முற்றாக மறையும் வரை தேய்க்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிப் பாய்ந்தால் அந்தக் கீறலைப் பளபளப்பான நிக்கல் மறைக்காது, துலக்கிக் காட்டும். கீறலின் அடியில் நிக்கல் மெல்லியதாக இருப்பதால் முதல் கறளும் அங்கேதான் வரும்.

தொட்டியில் இறக்குவதற்கு முன் நல்ல பட்டறைகள் செய்யும் ஒரு சோதனையை நீங்களும் நின்று பார்க்கலாம். காரக் கரைசலில் கழுவி எடுத்த பம்பரின் மேல் தண்ணீர் ஒரே படலமாக அரை நிமிடமாவது உடையாமல் நிற்க வேண்டும். தாமரை இலையில் நிற்பதுபோலத் துளிதுளியாகத் திரண்டால் எண்ணெய்ப்பசை இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். இதற்குக் கருவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். இந்த அரை நிமிடத்தைத் தவறவிட்டதால் பாழான வேலைகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

செப்பைப் பற்றிச் சொல்லும்போது நான் உறுதியின் எல்லையைத் தாண்டிக் கருத்து வேறுபாட்டுக்குள் வருகிறேன். மூன்று அடுக்குக் குரோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் செப்பு, நிக்கல், குரோம் என்ற மூன்றைச் சொல்கிறார்கள். சிலர் இரட்டை நிக்கலும் குரோமும் என்ற பொருளில் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு நியமமான வரையறை கிடையாது, ஆகவே அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செப்பு மென்மையானது, தேய்க்க எளிதானது, சிறு குழிகளையும் கீறல்களையும் நிரப்பிச் சமப்படுத்துவதில் அதற்கு இணை இல்லை. குழி விழுந்த பழைய பம்பரில் செப்பை ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றித் தேய்ப்பது சிறந்த முறை. ஆனால் கறளைத் தடுப்பதில் செப்பு எவ்வளவு உதவுகிறது என்பதில் தொழில் தெரிந்தவர்களே இரு பக்கமாக நிற்கிறார்கள். என் கருத்தில், செப்பு இருக்கிறது என்பதற்காக நிக்கலைக் குறைக்க விடக்கூடாது. இன்னொன்று, அமிலச் செப்பை உருக்கின் மேல் நேரே ஏற்ற முடியாது. உருக்கு அந்தக் கரைசலில் பட்டவுடனே ஒட்டாத செப்புப் பொடி படிந்துவிடும். முதலில் சயனைட்டுச் செப்போ நிக்கலோ மெல்லியதாக ஏற்றியாக வேண்டும். உங்கள் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். தெரிந்தவர் உடனே விளக்குவார்.

தடிப்பை எப்படி உறுதிப்படுத்துவது என்ற கேள்வி நியாயமானது. கார் வாங்குபவர்கள் வைத்திருக்கும் பெயின்ற் தடிப்புமானி இங்கே பொய் சொல்லும், ஏனென்றால் நிக்கலே காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம். கருவி நிக்கலையும் உருக்கின் பகுதியாக எண்ணிவிடும். இதற்கென உள்ள ஆய்வுக் கருவிகள் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை. நான் கைக்கொள்ளும் வழி நிறுத்துப் பார்ப்பது. 10 சென்ரிமீற்றர் சதுரமான செப்புத் தகடு ஒன்றை வெட்டித் துடைத்து, நகைக்கடைத் தராசில் நிறுத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். நிக்கல் ஏற்றும் கட்டத்தில் பம்பருக்குப் பக்கத்தில், அதே மின்கம்பியில், அதே நேரத்துக்கு அதைத் தொங்கவிடச் சொல்லுங்கள். நிக்கலின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 8.9 கிராம் என்பதால், இரு பக்கமும் 30 மைக்ரோன் ஏறிய தகடு 5.3 கிராம் கூடியிருக்கும். 40 மைக்ரோன் என்றால் 7.1 கிராம். ஒரு கிராம்தான் கூடியிருக்கிறது என்றால் உங்களுக்குக் கிடைத்தது 6 மைக்ரோனுக்குக் குறைவு. இது துல்லியமான அளவு அல்ல, ஏனென்றால் மின்சாரம் விளிம்புகளையும் முனைகளையும் நாடிச் செல்லும். பம்பரின் உட்குழிவான இடங்களில் விளிம்பில் ஏறுவதில் பாதிக்கும் குறைவாக ஏறுவது வழக்கம். நல்ல பட்டறைகள் குழிவுக்கு நேரே துணை அனோட்டு (அங்கே மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கூடுதல் உலோகத் துண்டு) வைத்து இதைச் சரிசெய்கின்றன. இருந்தாலும் ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்கத் தகடு போதும். நீங்கள் தகட்டைக் கையில் கொண்டுபோனாலே வேலை வேறு மாதிரி நடக்கும் என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. முலாம் பட்டறையின் தரம் அதில் நிற்கும் ஒருவர் அல்லது இருவருடைய தரம். அவர்கள் வெளிநாடு போனால் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். அதற்குப் பதிலாக இரட்டை நிக்கல், குறைந்தது 30 மைக்ரோன், ஒரே முக்கலில் முழு நீளம், பழைய நிக்கல் முற்றாகக் கழற்றல் என்ற நான்கையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் கொடுக்க வேண்டாம். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கழிவுநீரை ஒழுங்காகக் கையாளும் பட்டறைதான் தொட்டியையும் பெரும்பாலும் ஒழுங்காக வைத்திருக்கும். பம்பரை வீட்டில் மினுக்கி வெறும் உருக்காக ரயிலில் அனுப்பாதீர்கள். நம் காற்றில் ஒரே இரவில் அது பழுத்துவிடும். உலோக வேலையை ஊரில் செய்வித்தால் எண்ணெய் தடவி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி அனுப்புங்கள்.

இணையத்தில் விற்கும் சிறு முலாம் பெட்டிகளை வாங்கி வீட்டிலேயே குரோம் அடிக்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குரோம் தொட்டியில் உள்ள குரோமிக் அமிலத்தில் இருப்பது ஆறு வலுவளவுக் குரோமியம். அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1990இல் வகைப்படுத்தியது. தொட்டியிலிருந்து எழும் புகை மூக்கின் நடுத்தண்டைத் தின்றுவிடும். என்னோடு வேலை செய்த ஒருவருடைய மூக்குத்தண்டில் ஓட்டை விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, அந்தப் பட்டறையில் புகையை உறிஞ்சும் விசிறி இருக்கவில்லை. சயனைட்டுக் கரைசலில் அமிலம் தவறிக் கலந்தால் வெளிவரும் வாயு சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். பழைய குரோமைக் கழற்ற ஐதரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்திவிட்டு மீதியை வளவில் ஊற்றுவதும் அதே அளவு தவறு. பெரியகல்லாற்றின் மணலில் கிணற்று நீர் சில முழ ஆழத்திலேயே இருக்கிறது; ஊற்றியது அங்கே போய்ச் சேரும், அங்கிருந்து வாவிக்கும் போகும்.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியட்நாமிலும் இந்தியாவிலும் செய்யப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பர்கள் உப்புக்காற்றில் குரோமைவிட நன்றாக நிற்கும், நிறம் சற்று மஞ்சள் சாய்ந்திருக்கும், வளைவு மூலப்பம்பரோடு சிறிது வேறுபடலாம்; பழைய பம்பர் கறளால் சல்லடையாகியிருந்தால் அதுவே நல்ல தெரிவு. மூன்று வலுவளவுக் குரோமியத்தால் முலாமிடும் முறை ஆறு வலுவளவைவிட உடலுக்குத் தீங்கு குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பர் 21க்குப் பிறகு அனுமதி பெறாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாததால் அந்த முறை பெருகியிருக்கிறது. நிறம் பழைய குரோமைவிடச் சற்று இருண்டது. அடியில் நிக்கல் சரியாக இருந்தால் அதைத் தயங்காமல் எடுக்கலாம் என்பது என் கருத்து. வெள்ளியைத் தெளித்து மேலே லேக்கர் பூசும் குரோம் பூச்சு பம்பருக்கு ஏற்றதல்ல. கல் பட்டு லேக்கர் உடைந்த இடத்திலிருந்து அது கறுத்துப்போகும்.

முலாம் சரியாக அமைந்த பிறகும் பம்பரின் பின்பக்கம் உங்கள் பொறுப்பு. குரோம் குழிவுக்குள் ஏறாது, நிக்கலும் அங்கே மெல்லியதுதான். பூட்டுவதற்கு முன் பின்பக்கத்தை மெதுவாகச் சுரண்டி எபொக்சி அடிப்பூச்சும் அதன்மேல் அலுமினிய நிறப்பூச்சும் கொடுத்து, காய்ந்த பின் மெழுகு தடவுங்கள். தாங்கியும் பம்பரும் தொடும் இடத்தில் இறப்பர் அல்லது நைலோன் வொஷர் வையுங்கள். ஆணித்துளையின் விளிம்பில் கிறீஸ் தடவுங்கள். கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் காற்றில் உள்ள உப்பு மிக அதிகம், உள்ளே போகப்போக விரைவாகக் குறையும். உங்கள் ஊரில் உள்ளே போக இடமே இல்லை என்பதால் வாடைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது நன்னீரில் கழுவித் துடைக்க வேண்டும். உவர்க்கிணற்று நீரால் கழுவுவது உப்பை ஏற்றுவதாகவே முடியும். குழாய்நீரோ பிடித்து வைத்த மழைநீரோ பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை சாதாரணக் கார் மெழுகு போதும். பித்தளை விளக்குத் துலக்கும் அரைக்கும் பசையைக் குரோமில் போடாதீர்கள். இருப்பதே கால் மைக்ரோன்தான். பொலித்தீனால் போர்த்தவும் வேண்டாம், உள்ளே வியர்த்து நீர் தேங்கும்.

கதவுக் கைப்பிடி, டிக்கிக் கைப்பிடி போன்றவற்றைப் பம்பரோடு சேர்த்து அனுப்ப எண்ணியிருந்தால் தனியாகக் கட்டி, தனியாகச் சொல்லி அனுப்புங்கள். அவை உருக்கு அல்ல, மசாக் எனப்படும் நாகக் கலப்புலோக வார்ப்புகள். பம்பரைக் கழற்றும் அமிலத்தில் போட்டால் அவை கரைந்துபோகும். காந்தம் ஒட்டாததை வைத்து நீங்களே பிரிக்கலாம், முலாமின் நிக்கல் சற்று இழுத்தாலும் உருக்கில் ஒட்டுவதுபோல ஒட்டாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பம்பர்கள் இரண்டையும் காரிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். உரிந்த தோலின் அடியில் என்ன நிறம் இருக்கிறது, புள்ளிகள் குழிவில் கூடுதலாகவா விளிம்பில் கூடுதலாகவா இருக்கின்றன, நடுவில் ஏதேனும் கோடு தெரிகிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள், முடிந்தால் படமும் போடுங்கள். பின்பம்பரில் உரிதல் இல்லை, புள்ளி மட்டும்தான் என்றால் அதை உடனே கழற்றி அடிக்க வேண்டியதில்லை. சவர்க்கார நீரில் கசக்கிய அலுமினியத் தாளால் மெதுவாகத் தேய்த்துக் கறளை எடுத்து, நன்றாகக் காயவைத்து மெழுகிட்டு, அடுத்த மாரி வரை ஓட்டலாம்.